ரிஜிஸ்டர் குளோபல்ஸ்: ஒரு வசதியின் கதை

ஊர் விட்டு ஊர் வந்து குடித்தனம் போட்டவர்களுக்கு விண்ணப்பப் படிவம் ஒன்றும் புதிதில்லை. கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, பான் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று எதை எடுத்தாலும் ஒரு தாள். இடது பக்கம் அச்சடித்த தலைப்பு, வலது பக்கம் நாம் நிரப்ப வேண்டிய காலி இடம். 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் நம்மில் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்போம். (இனிஷியலை விரித்து எழுதி, அதன் பிறகு ஆபீஸில் அப்பாவின் பெயராலேயே கூப்பிடப்பட்ட கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அது தனியாக எழுத வேண்டிய சமாச்சாரம்.) இங்கே எனக்கு வேண்டியது அந்தத் தாளின் அமைப்பு மட்டும்தான்.

பொட்டி தட்டுகிறவர்கள் அந்தத் தலைப்பை 'கீ' என்பார்கள். நாம் நிரப்புவது 'வேல்யூ'. ஊர் என்பது கீ, திருநெல்வேலி என்பது வேல்யூ. இணையத்தில் நீங்கள் நிரப்பும் எந்த ஃபார்மும் சர்வருக்கு இப்படி ஜோடி ஜோடியாகத்தான் போய்ச் சேர்கிறது.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஒன்று, தாளை அப்படியே ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்வது. ஊர் வேண்டும் என்றால் அந்த ஃபைலைத் திறந்து 'ஊர்' என்ற வரியைப் பார்ப்பது. இன்னொன்று, வந்த ஒவ்வொரு தலைப்புக்கும் நம் மேஜையிலேயே ஒரு டிராயர் செய்து, அதன் மேல் அந்தத் தலைப்பை ஒட்டி, உள்ளே விடையைப் போட்டு வைப்பது. டிராயர் என்று நான் சொல்வதைத்தான் வேரியபிள் என்கிறார்கள்; பாடப்புத்தகத்தில் மாறி. இரண்டாவது வழியில் ஃபைலைத் தேட வேண்டாம். ஸ்கிரிப்டில் $ஊர் என்று எழுதினால் போதும், திருநெல்வேலி வந்து நிற்கும். (விளையாட்டுக்கு எழுதவில்லை. பிஎச்பி மொழியில் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஒழுங்காக ஓடும். செய்து பாருங்கள்.)

பைத்தான் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். டிக்‌ஷனரியில் இருக்கும் கீ ஒவ்வொன்றையும் தானாகவே ஒரு வேரியபிளாக மாற்ற முடியாதா என்று. அனுபவஸ்தர்கள் எல்லோரும் ஒரே குரலில் "வேண்டாம், டிக்‌ஷனரியிலேயே இருக்கட்டும்" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் சும்மா ஒரு விதி மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த 'வேண்டாம்' எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பகுதி என் கண் முன்னால் நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

ஆசை பழையது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபார்பர், கிரிஸ்வோல்ட், போலன்ஸ்கி என்ற மூவர் ஸ்நோபால் என்ற மொழியைச் செய்தார்கள். எழுத்துகளையும் வாக்கியங்களையும் அலசுவதற்கான மொழி. அதில் ஒரு சொல்லுக்கு முன்னால் டாலர் குறி போட்டால், 'அந்தச் சொல்லின் பெயரையே கொண்ட வேரியபிள்' என்று அர்த்தம். ஒரு கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டுமா? ஒவ்வொரு சொல்லும் தானே ஒரு வேரியபிளாகிவிடும், அதில் ஒன்று கூட்டிக்கொண்டே போகலாம். ரொம்ப அழகான யோசனை. ஆனால் அந்தக் கட்டுரையில் 'கூட்டல்' என்று ஒரு சொல் வந்து, உங்கள் ஸ்கிரிப்டிலும் கணக்குக்காக 'கூட்டல்' என்று ஒரு வேரியபிள் வைத்திருந்தால் தொலைந்தது. பிற்பாடு வந்த ஸ்நோபால்4இல் 'டேபிள்' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதாவது நம் ஃபைல். சொற்களெல்லாம் டேபிளுக்குள், நம் வேரியபிள்கள் வெளியே.

அந்தக் காலத்தில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. உள்ளே போகும் தகவல் நம்முடையது, ஸ்கிரிப்டும் நம்முடையது. குழம்பினால் நம் கணக்குதான் குழம்பும். அடுத்த வீட்டுக்காரன் உள்ளே வர வழியே இல்லை.

வழி திறந்தது 1993க்குப் பிறகு. வெப் சர்வர் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு, ஃபார்மில் வந்ததை அதனிடம் கொடுக்கும் சிஜிஐ என்ற ஏற்பாடு அப்போதுதான் வந்தது. ஆரம்பத்தில் பெரும்பாலும் பெர்ல் மொழியில் எழுதினார்கள். பெர்லிலும் ஒரு சொல்லைப் பெயராக வைத்து வேரியபிள் உண்டாக்க முடியும். ஆனால் 1994இல் வந்த பெர்ல் 5இல் அதைத் தடுக்க 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ நூலகத்தில் ஃபார்மின் கட்டங்களை வேரியபிள்களாக இறக்கிக்கொள்ள ஒரு வசதி உண்டு. ஆனால் அவற்றைத் தனியாக ஒரு பெயர்வெளியில்தான் இறக்கும். உங்கள் ஸ்கிரிப்டின் முதன்மை இடத்தில் இறக்கு என்று சொன்னால் முடியாது என்று நின்றுவிடும். மார்க் ஜேசன் டோமினஸ் என்ற பெர்ல்காரர், ஒரு வேரியபிளின் பெயரை இன்னொரு வேரியபிளில் வைப்பது ஏன் முட்டாள்தனம் என்று தலைப்பிலேயே போட்டுத் தொடராக எழுதினார். ஆக, விஷயம் தெரிந்தவர்களுக்கு 90களிலேயே தெரிந்திருந்தது.

ஆனால் பெர்ல் கற்றுக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை. இந்த இடத்தில்தான் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வருகிறார். கிரீன்லாந்தில் பிறந்து, டென்மார்க்கில் வளர்ந்து, கனடாவுக்குப் போய் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்தவர். நம்மைப் போல ஊர் மாறியவர்தான். தன் பயோடேட்டாவை இணையத்தில் போட்டுவிட்டு, யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் சில கருவிகளை எழுதினார். 1995 ஜூன் 8 அன்று அதை ஊருக்கெல்லாம் கொடுத்தார். பெயர், பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ். பிஎச்பி என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கொஞ்ச நாளில் அதனோடு 'ஃபார்ம் இன்டர்பிரிட்டர்' என்பதும் சேர்ந்தது. பெயரே சொல்கிறது, ஃபார்மைப் படித்துச் சொல்லும் ஆசாமி.

அவர் செய்த முக்கியமான வேலை இதுதான். ஃபார்மில் 'ஊர்' என்று ஒரு கட்டம் இருந்தால், ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிக்கும்போதே $ஊர் என்ற வேரியபிள் தயாராக இருக்கும். நீங்கள் எதையும் பிரித்தெடுக்க வேண்டாம், எந்த நூலகத்தையும் கூப்பிட வேண்டாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது கஷ்டம். எச்டிஎம்எல் மட்டும் தெரிந்த ஒருவர், ஒரு மதியத்தில், தன் கடைக்கு ஒரு ஆர்டர் ஃபார்ம் செய்துவிட முடிந்தது. புரோகிராமர் என்று பட்டம் வாங்காதவர்கள் எல்லாம் வெப்சைட் செய்தார்கள். 2001இல் நான் புனேயில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸில் இரண்டு சாதி. ஜாவாக்காரர்கள் டை கட்டுவார்கள். பிஎச்பிக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை முடித்துவிட்டு, ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பிஎச்பி உலகம் முழுக்கப் பரவியதற்கு விலை மலிவு, சர்வரில் சுலபமாக உட்காரும் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் சரி. என்னைக் கேட்டால், ஃபார்மின் கட்டம் தானே வேரியபிள் ஆகிவிடும் அந்த வித்தைக்குத்தான் பாதிப் பங்கு கொடுப்பேன்.

1998 ஜூனில் வந்த பிஎச்பி 3ஐ இஸ்ரேலைச் சேர்ந்த ஆண்டி குட்மன்ஸ், ஜீவ் சுராஸ்கி என்ற இரண்டு மாணவர்கள் ராஸ்மஸுடன் சேர்ந்து புதிதாகவே எழுதினார்கள். 2000 மே மாதம் பிஎச்பி 4. அதன் அமைப்புக் கோப்பில் இந்த வித்தைக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அதன் பெயர்தான் ரிஜிஸ்டர் குளோபல்ஸ். சுவிட்ச் இருந்ததே தவிர, எல்லோர் வீட்டிலும் அது 'ஆன்' நிலையில்தான் இருந்தது.

சரி, இதில் ஆபத்து எங்கே?

மறுபடி விண்ணப்பப் படிவத்துக்கே வாருங்கள். கட்டத்துக்கு ஏற்றபடி டிராயர் செய்யும் ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் படிவத்தில் நீங்கள் அச்சடித்த கட்டங்களை மட்டும் பார்ப்பதில்லை. தாளில் என்ன தலைப்பு இருந்தாலும் டிராயர் செய்துவிடுவார். ஒரு கில்லாடி, படிவத்தின் ஓரத்தில் தன் கையாலேயே 'அதிகாரி ஒப்புதல்: ஆம்' என்று ஒரு வரி சேர்த்து நீட்டுகிறான். குமாஸ்தா அதற்கும் ஒரு டிராயர் செய்து 'ஆம்' என்று உள்ளே போட்டுவிட்டார். சாயங்காலம் அதிகாரி வருகிறார். 'அதிகாரி ஒப்புதல்' என்ற டிராயரைத் திறக்கிறார், 'ஆம்' என்று இருக்கிறது. முத்திரை விழுந்துவிட்டது.

ஸ்கிரிப்டில் இது இப்படி நடக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தால் $அனுமதி என்ற வேரியபிளில் 1 போடு என்று எழுதியிருப்பார்கள். கீழே எங்கோ, $அனுமதி 1 என்று இருந்தால் ரகசியப் பக்கத்தைக் காட்டு என்று இருக்கும். கடவுச்சொல் தப்பாக இருந்தால் $அனுமதிக்கு என்ன மதிப்பு என்று யாரும் எழுதவில்லை. எழுதாவிட்டால் காலி, அவ்வளவுதான் என்று நினைப்பு. இப்போது ஒருவன் முகவரிப் பட்டையில், பக்கத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு 'அனுமதி=1' என்று அடிக்கிறான். முடிந்தது கதை. கடவுச்சொல்லே வேண்டாம்.

டிராயர் செய்வதில் ஒரு தப்பும் இல்லை. அதன் மேல் என்ன பெயர் ஒட்டுவது என்பதை வெளியாள் தீர்மானிக்கிறான் என்பதுதான் ஆபத்து. விடையை அவன் எழுதலாம், அதற்குத்தானே படிவம். தலைப்பையும் அவனே எழுதினால்?

2001இல் ஷான் கிளவ்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்று ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலிருந்து எடுத்தது. பிஎச்பி ஸ்கிரிப்டுகளை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று வரிசையாகக் காட்டினார். அனுமதி விவகாரம் அதில் ஒரு பகுதிதான். இன்னொன்று இன்னும் மோசம். ஸ்கிரிப்ட் தன் நூலகக் கோப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பதை ஒரு வேரியபிளில் வைத்திருக்கும். அந்தப் பெயரில் வெளியாள் ஒரு கீயை அனுப்பி, தன் சொந்த சர்வரின் முகவரியை வேல்யூவாகக் கொடுத்தால், உங்கள் சர்வர் அவனுடைய நிரலைப் போய் எடுத்து வந்து தன் வீட்டிலேயே ஓட்டும். பிஎச்பி அப்போது அதற்கும் வசதி செய்து கொடுத்திருந்தது.

எதிர்வாதமும் இருந்தது. ரிஜிஸ்டர் குளோபல்ஸில் தப்பில்லை, ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எல்லா வேரியபிளுக்கும் ஒரு மதிப்பு கொடுத்துவிட்டால் வெளியாள் என்ன அனுப்பினாலும் அது அழிந்துவிடும் என்றார்கள். பிஎச்பியின் கையேடே பல வருடம் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னது. தர்க்கப்படி சரிதான். ஆனால் வேரியபிள் என்றால் என்ன என்று தெரியாமலே ஃபார்ம் செய்யலாம் என்று சொல்லித்தானே ஆட்களைக் கூப்பிட்டோம்? வந்து உட்கார்ந்த பிறகு "எல்லா வேரியபிளுக்கும் மதிப்பு கொடுக்கத் தெரியாதா?" என்று கேட்டால் எப்படி?

பிஎச்பி குழு கடைசியில் முடிவெடுத்தது. 2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பில் புதிய ஃபைல்களைக் கொடுத்தார்கள். டாலர், அடிக்கோடு, கெட் என்று எழுதினால் முகவரிப் பட்டை வழியாக வந்தவை. போஸ்ட் என்று எழுதினால் ஃபார்மிலிருந்து மறைவாக வந்தவை. குக்கி என்று எழுதினால் குக்கி வழியாக வந்தவை. (முன்பு இவை எல்லாம் ஒரே மேஜையில் கொட்டப்பட்டன. ஒரே பெயர் இரண்டு பக்கம் வந்தால் போஸ்ட் கெட்டை அழிக்கும், குக்கி போஸ்டை அழிக்கும். இந்த வரிசை தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.) பிறகு 2002 ஏப்ரல் 22 அன்று வந்த 4.2.0 பதிப்பில் சுவிட்சை 'ஆஃப்' செய்தார்கள். வேண்டும் என்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

அந்த வருட தீபாவளிதான் நான் சொல்ல வந்த சம்பவம்.

புனேயில் பலகாரக் கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. அதிரசம், முறுக்கு, மனோகரம். ஊருக்குப் போக லீவு கிடைக்காத நம் பையன்கள்தான் வாடிக்கையாளர்கள். ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஆர்டர் கொடுக்கட்டும் என்று, யாரோ ஒரு கல்லூரி மாணவரை வைத்து ஒரு வெப்சைட் செய்திருந்தார். ஃபார்மை நிரப்பினால் கடையின் யாஹூ முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அந்த மாணவர் படிப்பு முடிந்து வெளிநாடு போய்விட்டார்.

தீபாவளி நவம்பர் 4. அதற்கு ஒரு வாரம் முன்பு அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, ஆர்டரு வருது. ஆனா ஆளு பேரு வரலையே."

"என்ன அண்ணாச்சி சொல்றீங்க?"

"பேருன்னு போட்டிருக்கு, பக்கத்துல ஒண்ணும் இல்ல. விலாசம்னு போட்டிருக்கு, ஒண்ணும் இல்ல. எத்தனை கிலோன்னும் இல்ல. ரெண்டு நாளா இப்படித்தான். முப்பதுக்கு மேல இருக்கும். யாருக்குன்னு நான் அனுப்ப?"

போய்ப் பார்த்தேன். மின்னஞ்சல்களில் தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன, எதிரே காலி. ஹோஸ்டிங் நிறுவனம் இரண்டு நாள் முன்பு சத்தமில்லாமல் வெப்சைட்டுகளைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தது. புது சர்வரில் புது பிஎச்பி, சுவிட்ச் ஆஃப். ஸ்கிரிப்ட் $பெயர் என்று தேடுகிறது, அப்படி ஒரு டிராயரே இல்லை. பிஎச்பி அதற்காகச் சத்தம் போடுவதும் இல்லை. காலி என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பிழைச் செய்தி ஒன்றாவது வந்திருந்தால் முதல் ஆர்டரிலேயே தெரிந்திருக்கும்.

ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டால், ஒரு கோப்பில் ஒரு வரி சேர்த்து சுவிட்சைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அது வரப்போகிற ஆர்டருக்கு. போன ஆர்டர்கள்? கிலோக்கணக்கில் அதிரசத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது. முப்பது சொச்சம் வீட்டில் பலகாரம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மாணவர் ஃபார்மை கெட் முறையில் எழுதியிருந்தார். வாடிக்கையாளரின் பெயர், விலாசமெல்லாம் முகவரிப் பட்டையில் பப்பரப்பே என்று தெரியும்படி. கண்டிக்க வேண்டிய வேலைதான். ஆனால் முகவரிப் பட்டையில் போவதெல்லாம் சர்வரின் வருகைப் பதிவேட்டில் ஒரு வரியாக விழும். பதிவேட்டை இறக்கிப் பார்த்தால் அத்தனை ஆர்டரும் கீ, சமக்குறி, வேல்யூ என்று அப்படியே இருந்தன. இடைவெளிக்குப் பதில் கூட்டல் குறி, காற்புள்ளிக்குப் பதில் விழுக்காட்டுக் குறியும் எண்ணும். தகவல் எங்கேயும் தொலையவில்லை. வந்து சேர்ந்துதான் இருந்தது, அதற்கு டிராயர் செய்து கொடுக்கும் ஆள் மட்டும்தான் வேலையை விட்டுப் போயிருந்தார்.

நானும் கடைப் பையனும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி எடுத்தோம். பிறகு ஸ்கிரிப்டில் இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் 'கெட் ஃபைலில் இருக்கும் ஊர்' என்று முழுப் பெயரையும் போட்டு எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வரிகள்தான். சுவிட்சைத் தொடவில்லை. அண்ணாச்சி ஒரு டப்பா மனோகரம் கொடுத்தார்.

எல்லோரும் பத்துப் பன்னிரண்டு வரியில் தப்பிக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்டுகள் பழைய வித்தையை நம்பி எழுதப்பட்டிருந்தன. அப்போது ரொம்பப் பிரபலமான ஓஎஸ்காமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருள், சுவிட்ச் ஆஃப் என்றால் திறக்கவே மாட்டேன் என்று ஒரு பிழைச் செய்தி காட்டி நிற்கும். அதற்காகவே பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் சுவிட்சைத் திரும்பப் போட்டன. இன்னும் சிலர், சுவிட்ச் இல்லாவிட்டால் என்ன, நாங்களே செய்துகொள்கிறோம் என்று கிளம்பினார்கள். வந்த ஜோடிகளை ஒவ்வொன்றாக எடு, கீயின் பெயரில் ஒரு வேரியபிள் உண்டாக்கு, வேல்யூவை அதில் போடு. பிஎச்பியில் இதற்கு இரட்டை டாலர் போதும், மூன்று வரியில் முடிந்துவிடும். கையில் எழுதச் சோம்பல் என்றால் 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற தயார் கட்டளை ஒரே வரியில் செய்யும்.

இந்தச் சொந்தத் தயாரிப்பு அசலை விட மோசம். அசல் வித்தை ஸ்கிரிப்ட் ஆரம்பிக்கும் முன்பே டிராயர்களைச் செய்துவிடும். அதன் பிறகு ஸ்கிரிப்ட் தானாக எதையாவது எழுதினால் ஸ்கிரிப்ட் எழுதியதே நிற்கும். ஆனால் இந்த மூன்று வரியை நடுவில் எங்கோ, அமைப்புக் கோப்பைப் படித்த பிறகு வைத்தால், வெளியாள் அனுப்பியது நம் அமைப்பையே அழித்துவிடும். 2005இல் இதன் விளைவைப் பார்த்தோம். எல்லா குளோபல் வேரியபிளும் அடங்கிய ஒரு பெரிய பட்டியல் பிஎச்பிக்குள் உண்டு. கோப்பு ஏற்றும் ஃபார்ம் வழியாக அந்தப் பட்டியலையே மாற்றி எழுத முடியும் என்று ஸ்டீஃபன் எஸ்ஸர் கண்டுபிடித்தார். அதை அடைக்க அக்டோபர் 31 அன்று 4.4.1 வந்தது. கொஞ்ச நாளிலேயே மேம்போ என்ற மென்பொருளில் ஓடிய வெப்சைட்டுகள் வரிசையாக விழுந்தன. ரிஜிஸ்டர் குளோபல்ஸ் போலவே நடிக்கும் ஒரு கோப்பை அதுவே வைத்திருந்ததுதான் காரணம்.

அதே 2005 நவம்பரில் பாரிஸில் பிஎச்பி குழு கூடி, பிஎச்பி 6இல் இந்த வித்தையை அடியோடு எடுத்துவிடுவது என்று தீர்மானித்தது. பிஎச்பி 6 வரவே இல்லை. யூனிகோட் வேலை இழுத்துக்கொண்டே போய் 2010இல் கைவிட்டார்கள். நடுவில் 2009 ஜூனில் வந்த 5.3இல் இது வழக்கொழிகிறது என்று எச்சரிக்கை போட்டார்கள். கடைசியாக 2012 மார்ச் 1 அன்று வந்த 5.4இல்தான் ரிஜிஸ்டர் குளோபல்ஸ் போய்ச் சேர்ந்தது. ஒரு சுவிட்சை ஆஃப் செய்ததற்கும் பிடுங்கி எறிந்ததற்கும் நடுவில் பத்து வருடம்!

இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஒவ்வொரு பழைய ஸ்கிரிப்டுக்குப் பின்னாலும் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். எழுதிய மாணவர் வெளிநாடு போய்விட்டார். திருத்தித் தர ஆள் வைத்தால் காசு. அடுத்த தீபாவளி வரை ஓடினால் போதும் என்று இருப்பார்கள். அவர்களை ஒரே நாளில் இருட்டில் விட முடியாது. பத்து வருடம் அதிகம்தான். ஆனால் 2002இல் எடுத்த எடுப்பில் பிடுங்கியிருந்தால் பழைய பிஎச்பியிலேயே பாதி உலகம் தங்கிப் போயிருக்கும், அது இன்னும் ஆபத்து.

போனது ஒரு வாசல்தான். எக்ஸ்ட்ராக்ட் இன்றும் பிஎச்பியில் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வேரியபிளை அழிக்காதே, எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரு ஒட்டுச் சேர் என்றெல்லாம் அதனிடம் சொல்லலாம், ஆனால் சொல்லாவிட்டால் அழிக்கும். வேர்ட்பிரஸ் குழு 2014இல் தங்கள் நிரலிலிருந்து அதைப் பெரும்பாலும் களைந்தது. முகவரிப் பட்டையில் வரும் சரத்தை அப்படியே வேரியபிள்களாக்கும் 'பார்ஸ் ஸ்ட்ரிங்' கட்டளையின் பழைய பழக்கத்தை 2017இல் எச்சரித்து, 2020இல் வந்த 8.0இல் நிறுத்தினார்கள்.

எக்ஸ்ட்ராக்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்தின் அச்சை வரையும் டெம்ப்ளேட்டில், கீ எல்லாவற்றையும் நாமே எழுதியிருந்தால், ஒரு தனிச் செயற்கூற்றின் நான்கு சுவருக்குள் அதைப் போட்டால் படிக்கச் சுகமாக இருக்கும். ஸ்நோபால்காரர்கள் காலத்துக் கணக்கு அது. பெயரும் நம்முடையது, வீடும் நம்முடையது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 2016 ஜூலையில் வந்தது. சிஜிஐயை வடிவமைத்தவர்கள் விவரமானவர்கள். உலாவி அனுப்பும் தலைப்புகளை ஸ்கிரிப்டின் சூழல் வேரியபிள்களாக மாற்றும்போது, ஒவ்வொன்றின் முன்னாலும் எச்டிடிபி, அடிக்கோடு என்று ஒரு ஒட்டைச் சேர்த்தார்கள். வெளியாள் என்ன பெயர் அனுப்பினாலும் அது நம் பெயரோடு மோதாது. நல்ல ஏற்பாடு. ஆனால் யுனிக்ஸ் உலகில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியே போகும் தகவல் எந்த இடைத்தரகு சர்வர் வழியாகப் போக வேண்டும் என்பதை 'எச்டிடிபி ப்ராக்ஸி' என்ற சூழல் வேரியபிளில் எழுதி வைப்பார்கள். இப்போது ஒருவன் 'ப்ராக்ஸி' என்ற பெயரில் ஒரு தலைப்பை அனுப்பினால்? ஒட்டுச் சேர்ந்து அதே பெயர் வந்துவிடும். உங்கள் சர்வர் வெளியே பேசுவதெல்லாம் அவன் வீட்டு வழியாகப் போகும். எச்டிடிபாக்ஸி என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பிஎச்பி, பைத்தான், கோ என்று பல மொழிகளின் நிரல்கள் மாட்டின. வேடிக்கை என்னவென்றால், பெர்லின் நூலகம் ஒன்று 2001இலேயே இதைக் கண்டு அடைத்துவிட்டது. கர்ல் என்ற கருவியும் அதே வருடம், அந்தப் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதினால் மட்டும்தான் மதிப்பேன் என்று மாற்றிக்கொண்டது. மற்றவர்களுக்குத் தெரிய 15 வருடம் ஆயிற்று.

கொசுறாக ஒன்று. வேரியபிளின் பெயரில் புள்ளியோ இடைவெளியோ வரக்கூடாது என்பது பிஎச்பியின் விதி. ஆகவே அந்தக் காலத்தில் ஃபார்மின் கட்டத்துக்கு 'வீட்டு.எண்' என்று பெயர் வைத்தால், பிஎச்பி புள்ளியை அடிக்கோடாக மாற்றி $வீட்டு_எண் என்று ஆக்கும். வேரியபிள் ஆக வேண்டுமே, அதற்காக. ரிஜிஸ்டர் குளோபல்ஸ் போன பிறகு எதுவும் வேரியபிள் ஆவதில்லை, எல்லாம் ஃபைலுக்குள்தான். ஃபைலுக்குள் புள்ளி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் புத்தம் புதிய பிஎச்பி 8ஐ நிறுவி, 'வீட்டு.எண்' என்று ஒரு கட்டம் வைத்து அனுப்பிப் பாருங்கள். கெட் ஃபைலில் 'வீட்டு_எண்' என்றுதான் வந்திருக்கும்.